பிரவுசர்: ஆடு கடித்த கொழுந்து

ஊர்ப் பையன் ஒருவனுக்கு 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்' என்ற மென்பொருளைக் கணினியில் போட்டுக் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, இதுல அட்ரஸ் எங்க அடிக்கிறது?" அவனைக் குறை சொல்ல முடியாது. பிரவுசர் என்றால் குரோம், ஃபயர்பாக்ஸ் என்று பழகிவிட்ட காலத்தில், இணையமே தேவைப்படாத ஒரு பிரவுசர் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

அது செய்கிற வேலை இதுதான். எஸ்க்யூலைட் என்பது தரவை அட்டவணைகளாக ஒரே கோப்பில் அடுக்கிவைக்கும் ஒரு தரவுத்தள மென்பொருள்; உங்கள் ஆண்ட்ராய்டு போனில் தொடர்பு எண்கள் எல்லாம் ஓர் எஸ்க்யூலைட் கோப்பில்தான் கிடக்கின்றன. இன்னும் எத்தனையோ செயலிகளும் இதே வகைக் கோப்பில்தான் தங்கள் தரவைப் போட்டுவைக்கின்றன. அப்படி ஒரு கோப்பை நோட்பேடில் திறந்தால் முதலில் 'எஸ்க்யூலைட் ஃபார்மேட் 3' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தெரியும், அதற்குப் பிறகு வெறும் கிறுக்கல். அந்தக் கிறுக்கலை வரிசையும் பத்தியுமாக, எக்செல் தாள் மாதிரி விரித்துக் காட்டுவதுதான் இந்த மென்பொருள். அதில் ஒரு தாவலின் பெயர் 'பிரவுஸ் டேட்டா'.

சரி, பிரவுஸ் என்றால் என்ன? பழைய பிரெஞ்சில் கொழுந்து, இளந்தளிர் என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, கால்நடை தளிர் கடிப்பதைக் குறிக்க. விலங்கியலில் இன்றும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது: தலை குனிந்து புல் தின்பது ஒரு வகை, செடி கொடிகளில் தழை கடிப்பது இன்னொரு வகை, இந்த இரண்டாவதுதான் பிரவுசர். நம் ஊரில் செம்மறி புல்லைத் தேடிப் போகும், வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி வேலியில் வைத்துக்கொண்டு இங்கே ஒரு கொழுந்து, அங்கே ஒரு கொழுந்து என்று கடித்துக்கொண்டே நகரும். ஆக, வெள்ளாடு ஓர் அசல் பிரவுசர். அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் புத்தகத்தை அங்கங்கே புரட்டிப் பார்ப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல் வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், இதே பயணத்தைத் தமிழும் தனியாகச் செய்து முடித்திருக்கிறது. மேலோட்டமாகப் படிப்பவனை 'நுனிப்புல் மேய்கிறான்' என்கிறோமே, அதுதான் இது. நம்முடையதில் ஒரு திட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தானோ என்னவோ, 'மேய்வான்' என்று மென்பொருளுக்குப் பெயர் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

கணினிக்குள் இந்தச் சொல் நுழைந்தது வலைக்கு முன்பே. 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில், ஸ்மால்டாக் மொழியின் நிரல்களைப் புரட்டிப் பார்க்க லாரி டெஸ்லர் செய்த கருவிக்கே பிரவுசர் என்றுதான் பெயர். டிம் பெர்னர்ஸ்-லீ வலைக்கான முதல் பிரவுசரை எழுதியது 1990இல். நம் தரவுத்தளப் பிரவுசர் அந்த மூத்த தாரத்துப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் பிரவுசருக்கு 'உலாவி' நிலைத்துவிட்டது, சிலர் 'உலவி' என்றும் எழுதுகிறார்கள். வலைக்கு அது பொருத்தமான சொல், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறோம். (சாமி வீதி உலா வருவது பிறர் பார்ப்பதற்காக, நாம் வலையில் உலா போவது பிறரைப் பார்ப்பதற்காக. அது கிடக்கட்டும்.) ஆனால் ஒரே கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அட்டவணைகளை உற்றுப் பார்க்கிற இடத்தில் உலாவ என்ன இருக்கிறது? 'தரவுத்தள உலாவி' என்று எழுதினால் அந்தப் பையனின் கேள்விதான் மறுபடி வரும். தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் 'தரவுநோக்கி' என்பது என் தேர்வு. திருத்தவும் முடிகிற கருவியை வெறும் நோக்கி என்று சொல்லலாமா என்று கேட்டால், சொல்லலாம் என்பேன். பிரவுசர் என்ற சொல்லிலும் திருத்தல் இல்லையே. அந்தத் தாவலுக்கு 'தரவைப் பார்' போதும்.

'தரவு' பற்றியும் ஒரு வார்த்தை. டேட்டா என்பதன் லத்தீன் வேர் 'கொடுக்கப்பட்டது' என்று பொருள் தரும், தரவு பிறந்ததும் தருதல் என்ற வினையிலிருந்துதான். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர். இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது கஷ்டம்.

இந்த மென்பொருளின் சொந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. மவுரிசியோ பியசென்டினி எழுதியபோது அது 'ஆர்கா டேட்டாபேஸ் பிரவுசர்', வேறொரு வணிகப் பொருளுக்கு இலவசத் துணை. 2003 ஆகஸ்டில் அதை 'எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் பிரவுசர்' ஆக்கிப் பொதுவுடைமையாக விட்டார். 2012இல் அந்த நிரல், பலர் சேர்ந்து நிரல் எழுதும் இணையதளமான கிட்ஹப்புக்கு வந்தது, பல கைகள் சேர்ந்தன. 2014 ஜூனில் எஸ்க்யூலைட்டை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப் பெயரை மாற்றச் சொன்னார், பழைய பெயரால் உதவி கேட்டு வருபவர்களிடம் குழப்பம். 'டேட்டாபேஸ் பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்' என்று மாற்றினார்கள். செப்டம்பரில் இன்னொரு மென்பொருளின் பெயரோடு இடித்ததால் டேட்டாபேஸ் 'டிபி' எனச் சுருங்கியது.

ஹிப் சொன்ன மாற்றத்தில் முக்கியமானது 'ஃபார்' என்ற சின்னச் சொல். தமிழில் அந்த வேலையை '-க்கான' செய்துவிடும். 'எஸ்க்யூலைட் தரவுநோக்கி' என்றால் எஸ்க்யூலைட்காரர்களே செய்தது போலத் தொனிக்கும், 'எஸ்க்யூலைட்டுக்கான தரவுநோக்கி' என்றால் வேறு யாரோ செய்தது என்று புரிந்துவிடும். மொழிபெயர்க்கிறவர்கள் அந்த '-க்கான'வை மட்டும் விட்டுவிட வேண்டாம்.