ஈர மணலில் ஏன் கத்துகிறது டிடெக்டர்?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ஆன்லைனில் வாங்கிய மெட்டல் டிடெக்டர் காய்ந்த மணலில் ஒழுங்காக இருக்கிறது, அலை நனைத்த இடத்துக்குக் கொண்டுபோனால் ஓயாமல் கத்துகிறது, கெட்டுப்போய்விட்டதா? இல்லை. உப்புநீரும் மின்சாரம் கடத்தும், அதுதான் சங்கதி.

அடிப்படை பள்ளியில் படித்ததே. மாறும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். அந்த மின்னோட்டம் எழுப்பும் எதிர்ப்புலத்தைக் கருவி பிடித்துக் கூவும். சாதாரணக் கருவி புலத்தை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே கேட்பதால், ஈர மணலில் ஓடும் மின்னோட்டமும் சேர்ந்து காதில் விழுகிறது.

'பல்ஸ்' வகைக் கருவி செய்யும் தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே ஒரு துடிப்பை அனுப்பிவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடும். உடனே கேட்காது, சில மைக்ரோ செகண்டுகள் சும்மா இருக்கும். கோயில் மணியை அடித்த கை நின்ற பிறகும் ரீங்காரம் நிற்காதே, அதுபோலத்தான் நல்ல கடத்தியில் சுழல் மின்னோட்டம் மெதுவாக அடங்கும். செம்பு கடல்நீரைவிட ஒரு கோடி மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். ஆகவே கருவி காதைத் திறக்கும்போது மணலிலிருந்த ஓட்டம் செத்துப்போயிருக்கும், செம்பு வில்லையில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இடத்தால் பிரிக்க முடியாததை நேரத்தால் பிரித்துவிடுகிறார்கள்! ஒரு குறை, இரும்பிலும் ஓட்டம் நீடிக்கும். தோண்டினால் பாதி நேரம் துருப்பிடித்த படகு ஆணிதான்.

அப்புறம், கிடைப்பது எல்லாமே காசு இல்லை. அரசன் தலையோ முத்திரையோ இல்லாமல், ஒரு கம்பெனி பெயரும் எண்ணும் மட்டும் இருந்தால் அது டோக்கனாக இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் கூலியாட்கள் செய்த வேலையைக் கணக்கு வைக்கக் கொழும்புக் காப்பி ஆலைகள் அவர்களுக்கு இப்படி உலோக வில்லைகளைக் கொடுத்தன. இலங்கைத் தோட்டங்களுக்கு நம் கரையிலிருந்து கடல் தாண்டியவர்கள் ஏராளம் என்பதால், மடியில் முடிந்துவந்த வில்லை ஒன்று இங்கே விழுந்திருப்பதில் வியப்பில்லை. பெயரோடு காப்பி ஆலை என்றிருந்தால் காலத்தையும் ஓரளவு சொல்லிவிடலாம். 1869இல் இலைத்துரு நோய் வந்தது, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். கடல் உப்பிலிருந்து உள்ளே புகுந்த குளோரைடோ போகாது. ஈரக்காற்று பட்டால் வெளிர்பச்சைப் பொடியாக மறுபடி அரிக்கும். இதற்கு முறையான வேதியியல் பாதுகாப்பு வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளம் அகழாய்வில் ரோமானியக் காசு கிடைத்தது என்று பெருமை பேசுகிறோம், தோண்டக் காசு ஒதுக்குகிறோம். தோண்டியதைக் காக்கும் ஆய்வகத்துக்கு ஒதுக்கும்போது மட்டும் கை சுருங்குவது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. புதையலுக்கு மை போட்டுப் பார்ப்பவரிடம் பணத்தைக் கொட்டுகிறவர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல்.

சட்டமும் உண்டு. மண்ணில் புதைந்த மதிப்புள்ள பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டவே கூடாது. மற்ற இடத்தில் ஏதும் கண்ணில் பட்டால், எடுக்கும் முன் ஆழத்தையும் இடத்தையும் போனில் படம்பிடித்துக்கொள்ளுங்கள்.