பூட்டு இருக்குதேண்ணா!

போலி இணையதளத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்களில், இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு, காசிமேட்டிலிருந்து ஒரு பையன் ரசீது பிரின்ட் எடுக்க வந்தான். துறைமுகத்தில் வேலையாம், விண்ணப்பக் கட்டணம் 1,850 ரூபாய் கட்டிவிட்டானாம். பக்கத்தைத் திறந்தால் கப்பல், கிரேன், சிங்கமுகச் சின்னம் எல்லாம் ஜோராக இருந்தன. முகவரி மட்டும் 'டாட் ஆன்லைன்' என்று முடிந்தது. நிஜமான சென்னைத் துறைமுகத்தின் முகவரி 'டாட் கவ் டாட் இன்' (.gov.in) என்று முடியும்.

"பூட்டு இருக்குதேண்ணா!" என்று போனில் முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுப் படத்தைக் காட்டினான்.

இந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது, பூட்டுக்கு அர்த்தம் அவ்வளவுதான். எதிரே இருப்பவன் யோக்கியனா என்று அதற்குத் தெரியாது. திருடனிடம் ரகசியமாகப் பேசலாம், சரியா? இதற்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் காசு வாங்காமல் சில நிமிடங்களில் தந்துவிடுகின்றன. பூட்டைப் பார்த்து மக்கள் தப்பாக நம்புகிறார்கள் என்றுதான் 2023 செப்டம்பரில் கூகுளே குரோமிலிருந்து அந்தப் படத்தைத் தூக்கியது. வேறு சில பிரவுசர்களில் இன்னும் தொங்குகிறது.

படித்தவர்களும் இதில் ஒன்றும் குறைச்சலில்லை. 2002-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2,684 பேரிடம் இணையதளங்களைக் காட்டி, எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். வந்த கருத்துகளில் 46 சதவீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. எம்.சி. ரோட்டில் 300 ரூபாய் சேலைக்கு நூலைப் பிரித்துப் பார்க்கிற நாம், போனில் கலரைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறோம்.

முகவரியில் 'https://' என்பதை விட்டுவிட்டு, அதற்கு அப்புறம் வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால் என்ன எழுத்தில் முடிகிறது என்று பாருங்கள். 'டாட் கவ் டாட் இன்' கடைசியில் இல்லாமல் நடுவில் மட்டும் இருந்தால் செல்லாது. வங்கிகளுக்கென்றே ரிசர்வ் வங்கி 'டாட் பேங்க் டாட் இன்' கொண்டுவந்திருக்கிறது. அப்புறம், 'எங்களைப் பற்றி' பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்காதீர்கள், அதை எழுதியவனே அவன்தான்! வேறு டேப் திறந்து, மற்றவர்கள் அந்தத் தளத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடுங்கள். அதுவும் வராவிட்டால், கட்டுவதற்கு முன்னால் கடைக்கு வந்து கேளுங்கள். பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.

பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், திட்டுவார்கள் என்று பயந்து வீட்டில் மறைக்காதீர்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்கப் பார்ப்பார்கள். பையனை என் கடையிலேயே உட்காரவைத்துப் பேசச் சொன்னேன். அவன் பணம் கட்டி அன்றோடு நாலு நாள் ஆகியிருந்தது.