எங்கே போனது 0.099? அணு நிறையின் கணக்கு

"கார்பன் அணுவில் ஆறு புரோட்டான்களும் ஆறு நியூட்ரான்களும் உள்ளன. ஒவ்வொன்றின் நிறையும் 1-ஐ விடச் சற்று அதிகம் என்று பாடநூல் சொல்கிறது. அப்படியானால் அணுவின் நிறை மட்டும் எப்படிச் சரியாக 12 ஆகும்?" என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார். ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல், அதிலுள்ள எண்களைக் கூட்டியும் பார்த்தவரிடமிருந்துதான் இப்படியொரு கேள்வி வரும்.

தெரிந்தவற்றை முதலில் விரைந்து கடந்துவிடலாம். எலக்ட்ரானின் நிறை புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ 1836-இல் ஒரு பங்குதான் என்பதால், அணுவின் நிறை அநேகமாக முழுவதும் அணுக்கருவிலேயே இருக்கிறது. புரோட்டான்களின் எண்ணிக்கை தனிமத்தையும், நியூட்ரான்களின் எண்ணிக்கை அதன் ஐசோடோப்பையும், அதாவது அதே தனிமத்தின் நிறை வேறுபட்ட வகையையும், தீர்மானிக்கின்றன. தனிம வரிசை அட்டவணையில் குளோரினுக்குத் தரப்படும் 35.45 எந்தத் தனி அணுவின் நிறையும் அன்று. இயற்கையில் ஏறத்தாழ முக்கால் பங்கு குளோரின்-35, கால் பங்கு குளோரின்-37 என்று கலந்திருப்பதன் சராசரி அது. கார்பன்-12 அணுவின் நிறையைச் சரியாக 12 என்று வைத்துக்கொண்டே அணு நிறை அலகு வரையறுக்கப்பட்டுள்ளது. ஆகவே 12 என்னும் முழு எண் நாம் தேர்ந்துகொண்டது.

ஆனால் மாணவியின் கேள்வி இதனால் தீர்ந்துவிடவில்லை. அதே அலகில் புரோட்டானின் நிறை 1.007276, நியூட்ரானின் நிறை 1.008665. ஆறாறு எடுத்து, ஆறு எலக்ட்ரான்களையும் சேர்த்துக் கூட்டினால் 12.099 வருகிறது. 0.099 அலகு எங்கே போயிற்று?

இதற்கு விடை காண, ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டும் சேரும் மிகச் சிறிய நிகழ்வைப் பார்ப்பதே நல்லது. மெதுவாகச் செல்லும் நியூட்ரான் ஒன்றை ஹைட்ரஜன் அணுக்கரு பிடித்துக்கொள்ளும்போது டியூட்டீரியம் எனப்படும் கன ஹைட்ரஜனின் அணுக்கரு உருவாகிறது. அந்தக் கணத்திலேயே சுமார் 2.22 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (அணு உலகில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுடைய ஒரு காமா கதிர், அதாவது மிகுந்த ஆற்றல் கொண்ட ஒளி, வெளியேறுகிறது. ஹைட்ரஜன் அணுவின் நிறை 1.007825, அதனுடன் நியூட்ரானின் நிறையைக் கூட்டினால் 2.016490. உருவான டியூட்டீரியம் அணுவின் நிறையோ 2.014102. குறைந்துபோன 0.002388 அலகை ஐன்ஸ்டைனின் E = mc² சமன்பாட்டின்படி ஆற்றலாகக் கணக்கிட்டால், வெளியேறிய காமா கதிரின் ஆற்றல் அப்படியே வந்து நிற்கிறது. புரோட்டானும் அழியவில்லை, நியூட்ரானும் அழியவில்லை. இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன. அவை பிணைந்தபோது வெளியேறிய ஆற்றல், தனக்குரிய நிறையையும் உடன் கொண்டு சென்றுவிட்டது. மீண்டும் அவற்றைப் பிரிக்க வேண்டுமானால் அதே அளவு ஆற்றலை நாம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

இயற்பியலாளர்கள் சாட்விக்கும் கோல்ட்ஹேபரும் 1934-இல் அதைத்தான் செய்தார்கள்: தோரியம் என்னும் கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் காமா கதிர்களால் டியூட்டீரிய அணுக்கருவை உடைத்தார்கள். மின்னூட்டம் இல்லாத நியூட்ரானை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்து நிறுக்க முடியாது. ஆகவே டியூட்டீரியத்தின் நிறையிலிருந்து ஹைட்ரஜனின் நிறையைக் கழித்து, பிணைப்பின்போது வெளியேறிய ஆற்றலுக்குரிய நிறையைக் கூட்டியே நியூட்ரானின் நிறையைத் துல்லியமாகப் பெறுகிறார்கள். வெளியேறிவிட்ட ஒளியை அளந்து ஒரு துகளின் நிறையைக் கண்டறியும் இந்த வழியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கார்பனில் காணாமற்போன 0.099 அலகும் இப்படி வெளியேறியதுதான். அது சுமார் 92 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சமம். ஒரு துகளுக்கு எவ்வளவு குறைகிறது என்பது அணுக்கருவுக்கு அணுக்கரு மாறுபடுகிறது. இரும்பு, நிக்கல் ஆகியவற்றின் அருகே இந்தப் பிணைப்பு உச்சத்தை அடைகிறது. நான்கு ஹைட்ரஜன் அணுக்களைவிட ஒரு ஹீலியம் அணு ஏறத்தாழ 0.7 விழுக்காடு இலேசானது என்பது அணு நிறைகளைத் துல்லியமாக அளந்த ஆஸ்டனின் அளவீடுகளிலிருந்து தெரியவந்ததும், விண்மீன்களின் ஆற்றல் இதிலிருந்தே வரக்கூடும் என்று வானியலாளர் எடிங்டன் 1920-இல் எடுத்துரைத்தார். தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களைத் துரத்தும் அளவீட்டு ஆய்வுக்கு நிதி கேட்டால், "இதனால் என்ன பயன்?" என்ற கேள்வியே முதலில் எழுகிறது. சூரியன் ஏன் ஒளிர்கிறது என்பதற்கான முதல் தடயம் அத்தகைய இலக்கங்களில்தான் கிடைத்தது என்பதை நிதி ஒதுக்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒரு படி உள்ளே போனால் கணக்கு வேறு முகம் காட்டுகிறது. புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகள் என்னும் மூன்று அடிப்படைத் துகள்களின் நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் சுமார் ஒரு விழுக்காடுதான் தேறும். எஞ்சியதெல்லாம் குவார்க்குகளின் இயக்கத்திலும் அவற்றைப் பிணைக்கும் குளுவான் புலத்திலும் அடைபட்டிருக்கும் ஆற்றல். அணுக்கரு உருவாகும்போது ஆற்றல் வெளியேறி நிறையைக் குறைக்கிறது. புரோட்டானிலோ உள்ளே அடைபட்ட ஆற்றலே நிறையாக நிற்கிறது.

எலக்ட்ரான்களின் நிலைகூட இந்தக் கணக்கில் இடம்பெறுகிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில், 29 எலக்ட்ரான்கள் நீக்கப்பட்ட ரீனியம் என்னும் உலோகத்தின் அயனிகளைக் காந்தப்புலத்தில் சுழலவிட்டு, அவற்றின் சுழற்சி வேகத்திலிருந்து நிறையைக் கணக்கிட்டார்கள். எலக்ட்ரான்கள் கிளர்வுற்ற (கூடுதல் ஆற்றல் பெற்ற) நிலையில் இருந்த அயனி, கிளர்வுறாத அயனியைவிட 202 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு, அதாவது தன் நிறையில் நூறு கோடியில் ஏறத்தாழ ஒரு பங்கு, கூடுதல் நிறை கொண்டிருந்ததாக 2020-இல் அறிவித்தார்கள்.