காமன் பூலில் ஒரு பெயர்

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறது. முன்பெல்லாம் அதற்கு ஒரே சாட்சி டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழ்தான். பழைய பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் பெயரை நீக்கிவிடுவார்கள். பிள்ளை புதுப் பள்ளியில் சேர்ந்ததா, பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டதா என்று அந்தப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இப்போது இந்த வேலை எமிஸில், அதாவது பள்ளி, மாணவர் விவரங்களை வைத்திருக்கும் அரசின் கணினித் தளத்தில், நடக்கிறது. இந்தியாவில் ஒவ்வொரு பள்ளிக்கும் யூடைஸ் எனப்படும் 11 இலக்க அடையாள எண் உண்டு. முதல் 2 இலக்கம் மாநிலம் (நமக்கு 33), அப்புறம் மாவட்டம், ஒன்றியம், ஊர், கடைசி இரண்டில் பள்ளி. மாணவருக்குத் தனி எமிஸ் எண். பள்ளி மாறினாலும் பிள்ளையின் எண் மாறாது. அதோடு இணைந்திருக்கும் பள்ளி மட்டுமே மாறும். சூட்சுமமே இதுதான்.

பழைய பள்ளி பெயரை விடுவித்ததும் அது காமன் பூலுக்குப் போகும். எந்தப் பள்ளிக்கும் சொந்தமில்லாத பெயர்கள் காத்திருக்கும் இடம் அது. புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டு பள்ளிகள் ஒரே பிள்ளையைக் கணக்கில் காட்ட முடியாது. சேர்க்கை முடிந்த பிறகும் பூலில் மிஞ்சும் பெயர்கள்தான் முக்கியம். படிப்பை விட்டிருக்கக்கூடிய பிள்ளைகளின் பட்டியல் அது. அதை வைத்துத்தான் வீடு தேடிப் போகிறார்கள். இத்தனை கணினி வேலைக்கும் இந்த ஒரு பயன் போதும் என்பேன்.

சரி, எங்கே இடறுகிறது? பெயரில். பள்ளியில் ‘மு. கவிதா’, ஆதாரில் ‘கவிதா முருகன்’. நமக்கு ஒரே பிள்ளை. கணினிக்கு இரண்டு பேர். பூலில் தேடிக் கிடைக்காமல், வாசலில் பெற்றோர் காத்திருக்க, அவசரத்தில் புது எண் போட்டுவிட்டால் பழைய எண் பூலிலேயே தங்கிவிடும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தேடி ஒருவர் வெயிலில் அலைவார். நிஜமாகவே காணாமல் போன பிள்ளையின் பெயர் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும்.

அதனால்தான் பெயரை மட்டும் நம்பாமல் பிறந்த தேதி, பெற்றோரின் செல்போன் எண் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் பிடிக்கலாம். சேர்க்கை நேரத்தில் பாடமும் நடத்திக்கொண்டு இதையும் செய்யும் ஆசிரியருக்கு அந்தப் பத்து நிமிடத்தை யாராவது ஒதுக்கித் தர வேண்டும்.