ஷ்மிட்டாவுக்குத் தரிசு என்று பெயரா?

போன மாதம் ஒரு சிறுநூலின் கைப்பிரதி மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. கர்த்தர் நம்மைப் போஷிப்பார், அவர் ஓயச் சொன்னால் ஓய்ந்திருக்கலாம் என்பதுதான் விஷயம். எழுதியவருக்கு வேதம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆனால் இஸ்ரவேலர் ஒவ்வொரு ஏழாம் ஆண்டிலும் விதைக்காமல் இருந்ததைச் சொல்லும் அதிகாரத்தில் மட்டும் 11 இடங்களில் ‘தரிசு ஆண்டு’. ஓரிடத்தில் அந்த ஆண்டுக்கான ‘ஷ்மிட்டா’ என்ற எபிரெயச் சொல்லையே போட முயன்று, தட்டச்சில் ‘ஸ்மிதா ஆண்டு’ ஆகியிருந்தது. ஸ்மிதாவையாவது மன்னித்துவிடலாம். தரிசை மன்னிக்க முடியவில்லை. இந்த வருஷத்தில் மட்டும் இரண்டு பிரசங்கங்களிலும் ஒரு வேதபாடக் குறிப்பிலும் இதே சொல்லைக் கேட்டாயிற்று.

முதலில் சொல்லின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஷ்மிட்டா எபிரெயச் சொல். அதன் வேர் ஷ-ம-ட். நழுவவிடு, கைவிடு, கீழே போடு என்று பொருள். யேசபேல் ராணியை ஜன்னலிலிருந்து கீழே தள்ளும்படி யெகூ சொல்லும் இடத்தில் வருவதும் இதே வேர்தான். பிடித்திருந்த கை விரல்களைத் திறக்கிறது, பொருள் கீழே விழுகிறது: அந்த அசைவுதான் சொல்லுக்குள் இருக்கிறது. யாத்திராகமம் 23இல் அந்த வினை நிலத்தைப் பற்றி வருகிறது. உபாகமம் 15இல் அதே வேரிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் கடனைப் பற்றி வருகிறது: ஏழாம் ஆண்டு முடிவில் கடன் கொடுத்தவன் தன் கையை விட வேண்டும். லேவியராகமம் 25இல் இந்தச் சொல்லே இல்லை. அங்கே ‘நிலத்துக்கு ஓய்வு’ என்று சபத் வருகிறது. ஆக ஒரே ஆண்டுக்கு இரண்டு பெயர். நிலத்தின் பக்கம் நின்று பார்த்தால் ஓய்வு, மனிதனின் பக்கம் நின்று பார்த்தால் விடுதல். வேர்க்கதை இவ்வளவுதான்.

சரி, தரிசுக்கு வருவோம்.

எங்கள் அம்மாவின் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். தாமிரபரணிப் பாசனம்; கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். அணையில் தண்ணீர் இல்லை, காருக்குத் திறக்கவில்லை என்றால் வயல் தரிசு. ஆள் கிடைக்காவிட்டால் தரிசு. பங்காளிகள் வழக்குப் போட்டுக்கொண்டால் தரிசு. யாராவது சோம்பலால் நடாமல் விட்டால், “தங்கமான வயலைத் தரிசாப் போட்டுட்டானே” என்று மாமா வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொள்வார். கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்ற பயிர்க்கணக்கில் பயிர் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ‘தரிசு’ என்று எழுதினால், அந்த நிலத்துக்கு அந்தப் பசலியில் (வருவாய்க் கணக்கு ஆண்டில்) பயிரும் இல்லை, பயிர்க்கடனும் இல்லை, நிவாரணமும் இல்லை. வருவாய்த் துறைக்குத் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ என்று இன்னொரு வகையே உண்டு. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: முடியாமல் போனது, அல்லது கவனிக்காமல் போனது. தரிசு நேர்வது. நேர்ந்தால் வருத்தப்படுவோம்.

ஏழாம் ஆண்டில் யூத விவசாயிக்குத் தண்ணீரும் இருந்தது, ஆளும் இருந்தது, விதையும் இருந்தது. எல்லாம் இருந்தும் கையை எடுத்துவிட்டான். இதற்குத் தரிசு என்று பெயர் வைத்தால் கீழ்ப்படிதல் அந்தச் சொல்லுக்குள் எங்கே இருக்கிறது?

அதைவிடப் பெரிய கோளாறு, தரிசு நிலத்தில் ஒன்றும் இருக்காது என்பது. ஏழாம் ஆண்டுத் தோட்டத்தில் பழம் காய்த்துத் தொங்கும். திராட்சை, ஒலிவம், அத்தி எல்லாம் தாமாகக் காய்க்கத்தான் செய்யும்; மரம் செத்துவிடாமல் இருக்கத் தண்ணீர் விடவும் யூதச் சட்டம் இடம் தருகிறது. உழக்கூடாது, விதைக்கக்கூடாது, கொடியைக் கிளை கழிக்கக்கூடாது, சொந்தக்காரன் என்ற முறையில் அறுவடை செய்து விற்கக்கூடாது. விளைந்தது எல்லாருக்கும் பொது. ஏழை வந்து பறிக்கலாம், பரதேசி பறிக்கலாம், சொந்தக்காரனும் அவர்களோடு ஒருவனாகக் கூடை எடுத்துக்கொண்டு வரலாம். மீதி காட்டு மிருகங்களுக்கு. பறித்து வீட்டில் வைத்துக்கொண்ட பழத்துக்கும் கெடு உண்டு: வெளியில் விலங்குகளுக்கு அந்தப் பழம் தீர்ந்துவிட்டால், வீட்டில் மிஞ்சியிருப்பதையும் வெளியே கொண்டுவந்து பொதுவாக்க வேண்டும். இன்றும் பக்தியான யூத வீடுகளில் அந்த ஆண்டின் பழத்தோலைக்கூடக் குப்பையோடு கொட்டுவதில்லை. தனி டப்பாவில் போட்டு வைத்து, தானாக அழுகிய பிறகே எறிவார்கள். ஒரு ஆரஞ்சுத் தோலுக்கு இவ்வளவு மரியாதை செய்கிற ஆண்டுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் தரிசு!

‘மண்ணுக்குச் சத்து ஏறத்தானே இந்த ஏற்பாடு, அப்படியென்றால் தரிசு சரிதானே’ என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அவருக்குத் துணை உண்டு; 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிதிஸ் என்ற பெரிய யூத அறிஞரே இப்படி ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒப்பவில்லை. மண்ணுக்காக என்றால் இந்த ஆண்டு இந்த வயல், அடுத்த ஆண்டு அந்த வயல் என்று மாற்றி மாற்றிப் போடுவதுதான் எந்த ஊர் விவசாயியும் செய்வது. தேசம் முழுவதும் ஒரே ஆண்டில் கையைக் கட்டிக்கொள்வதில் விவசாய நுட்பம் ஒன்றும் இல்லை. இன்னொன்று: லேவியராகமத்தில் “ஏழாம் வருஷத்தில் எதைப் புசிப்போம்?” என்ற கேள்வி வெளிப்படையாகவே வருகிறது. பதில், ஆறாம் ஆண்டில் மூன்று ஆண்டுக்கான பலன் கிடைக்கும் என்பது. ஐந்து போகம் கண்டு களைத்துப்போன மண், ஆறாம் ஆண்டில்தான் கூட விளைய வேண்டுமாம். உரக்கணக்குக்கு இது தலைகீழ். வனாந்தரத்தில் வானத்து உணவான மன்னா பெய்ததும் இதே கணக்கில்தான்: நாளுக்குத் தலைக்கு ஒரு ஓமர் அளவு, ஆறாம் நாளில் இரண்டு, ஏழாம் நாளில் பொறுக்கப் போனவனுக்கு ஒன்றும் இல்லை. அப்புறம், கடனைத் தள்ளினால் எந்த மண்ணுக்குச் சத்து ஏறும்?

இந்த நம்பிக்கை ஒவ்வொரு முறையும் சோறு போட்டது என்று நான் சொல்லவில்லை. மக்கபேயர் முதல் நூலில் பெத்சூர் கோட்டை முற்றுகையிடப்படுகிறது. அது ஓய்வாண்டு, உள்ளே தானியம் இல்லை, கோட்டையை விட்டு இறங்கி வருகிறார்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், யூதர்கள் சோம்பல் ருசித்து ஏழாம் ஆண்டையும் சும்மா கழிக்கிறார்கள் என்று கிண்டல் செய்தார். யூலியஸ் சீசரோ அந்த ஆண்டுக்கு யூதேயாவில் வரி வேண்டாம் என்று விலக்குக் கொடுத்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிவைத்திருக்கிறார். கடனை விட மனமில்லாமல் ஏழாம் ஆண்டு நெருங்கும்போது பணக்காரர்கள் கடன் கொடுப்பதையே நிறுத்தினார்கள். அதற்காக ஹில்லேல் என்ற ரபி, கடன் பத்திரத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கிற ‘ப்ரோஸ்புல்’ முறையைக் கொண்டுவந்தார். பிற்காலத்தில், 1888-89 ஷ்மிட்டாவின்போது, நிலத்தை யூதரல்லாதவருக்குப் பெயரளவில் விற்றுவிட்டு விவசாயத்தைத் தொடரும் ஏற்பாடு வந்தது. அதைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. இந்த இரண்டு ஏற்பாடும் வந்தது விட மனம் வராததால். தரிசுக்கு யாராவது சட்டத்தில் சந்து தேடுவார்களா?

அடுத்த போட்டியாளர் ‘விடுமுறை ஆண்டு’. இது பள்ளிக்கூட வாசனை அடிக்கிறது, விட்டுவிடலாம். ‘விடுப்பாண்டு’ என்று ஒரு நண்பர் சொன்னார். தமிழ்நாட்டில் அது தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பை நினைவூட்டும். யாழ்ப்பாணத்தில் விடுப்பு என்றால் ஊர்வம்பு; ஒரு ஆண்டு முழுவதும் விடுப்புக் கேட்டுத் திரிந்தார்கள் என்று ஆகிவிடும்.

‘விடுதலை ஆண்டு’ கொஞ்சம் கனமான எதிரி, ஏனென்றால் நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலேயே உபாகமத்தில் விடுதலை வருஷம் என்றுதான் இருக்கிறது. தவறு என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத் தமிழில் விடுதலை என்றால் விடுதல்தான். சிக்கல் எங்கே என்றால், ஐம்பதாம் ஆண்டான யூபிலிக்கும் ‘விடுதலை கூறுதல்’ என்றே வருகிறது. எபிரெயத்தில் அது வேறு சொல், தெரோர். அடிமை வீட்டுக்குப் போவான், விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பும். அதற்கு விடுதலை பொருத்தம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதால், ஏழாம் ஆண்டையும் ஐம்பதாம் ஆண்டையும் குழப்பாத பிரசங்கியை நான் அதிகம் பார்த்ததில்லை. நம்மவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கிரேக்கத்தில் மொழிபெயர்த்த செப்துவஜிந்தாக்காரர்களும் இரண்டுக்கும் ‘அஃபெசிஸ்’ என்ற ஒரே சொல்லைத்தான் போட்டார்கள். தவிர, இன்றைக்கு விடுதலை என்றதும் சிறைக் கதவும் 1947-ம்தான் மனதில் வருகின்றன. விடுதலையில் விடப்பட்டவன் முன்னால் நிற்கிறான். ஷ்மிட்டாவிலோ நமக்குத் தெரிய வேண்டியது விட்டவனின் கை.

என் பரிந்துரை ‘விடுகை’. விடுகை ஆண்டு, சேர்த்து எழுதினால் விடுகையாண்டு. இலங்கையில் பாடசாலை விடுகைப் பத்திரம் என்பார்கள், ஆகவே காதுக்குப் புதிது இல்லை. நிலத்துக்கும் சொல்லலாம், கடனுக்கும் சொல்லலாம்: நில விடுகை, கடன் விடுகை. ‘விடு’ என்ற வினை தமிழில் சாதாரணப்பட்டது இல்லை. ‘அவன்மேல விட்டுட்டேன்’ என்று தினமும் சொல்கிறோம். கையை எடுப்பதும் இன்னொருவரை நம்பி ஒப்படைப்பதும் அந்த ஒரே வினையில் நடந்துவிடுகின்றன. அறம், பொருள், இன்பத்துக்கு அப்புறம் வருகிற ‘வீடு’ம் இதில் பிறந்ததுதான். ‘வீடுமின் முற்றவும்’ என்று நம்மாழ்வார் ஒரு பதிகத்தைத் தொடங்குவதும் இந்த வினையை வைத்துத்தான். விடச் சொல்லிவிட்டு, உயிரை யாரிடம் ஒப்படைப்பது என்று அடுத்த வரியில் சொல்கிறார். ஏழாம் ஆண்டு விவசாயி செய்ததற்கு இதைவிட நெருக்கமான வினை எனக்குத் தெரியவில்லை. ஓய்வாண்டு என்ற சொல்லும் இருக்கட்டும். லேவியராகமத்தின் சபத்துக்கு அதுவே சரி.

பழைய மொழிபெயர்ப்பாளர்கள் யாத்திராகமத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்: நிலம் ‘சும்மா கிடக்க விட்டுவிடுவாயாக’. தரிசு என்ற சொல் அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சும்மா என்று போட்டார்கள். வேலையில்லாமல் இருப்பதும் சும்மா. காசு வாங்காமல் கொடுப்பதும் சும்மா. நிலமும் சும்மா, பழமும் சும்மா. கூடவே ‘விட்டுவிடு’ என்று வேரையும் பிடித்துவிட்டார்கள்.

அந்த ஆட்களுக்கு இது கைவந்த கலை. மோரியா மலையில் ‘ஆட்டுக்குட்டி எங்கே’ என்று ஈசாக்கு கேட்க, தேவன் ‘பார்த்துக்கொள்வார்’ என்கிறான் ஆபிரகாம். எபிரெயத்தில் அங்கே இருப்பது வெறும் ‘பார்’ என்ற வினை. காண்பது, கவனித்துத் தருவது இரண்டும் அதற்குள் அடங்கும். தமிழில் ‘பார்த்துக்கொள்’ அப்படியே பொருந்துகிறது. நம் பாட்டிமார் ‘சாமி பாத்துக்கிடும்’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப்போன சொல். இப்போது மேடைக்கு மேடை ‘கர்த்தர் உன் தேவைகளைச் சந்திப்பார்’. தேவையை எந்தத் தமிழன் சந்தித்தான்? சம்பந்தியைச் சந்திக்கலாம், கலெக்டரைச் சந்திக்கலாம். ஆங்கிலத்தில் ‘meet’ என்ற ஒரு வினைக்கு இரண்டு பொருள் இருக்கப்போய், அதில் தவறானதைப் பிடித்துவந்து முப்பது நாற்பது ஆண்டாக ஜெபம் செய்துகொண்டிருக்கிறோம். அகராதியைத் திறந்தால் முதலில் இருக்கும் சொல்லை எடுப்பது, மூல வசனத்தைத் திறந்து பார்க்காமல் இருப்பது. தரிசு வந்த வழியும் இதுதான் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் உழாமல் கிடக்கும் நிலத்துக்கு ஒரு சொல்; அதற்கு நம் அகராதி தரும் முதல் தமிழ் தரிசு. எபிரெயம் வரை யாரும் போகவில்லை.

கைப்பிரதியில் பதினொன்றையும் அடித்துவிட்டு விடுகை ஆண்டு என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதிப்பாசிரியத் தம்பி போன் செய்தார்.

“அண்ணாச்சி, விடுகைன்னா சனங்களுக்குப் புரியுமா?”

“முதல் தடவை வரும்போது ஒரு வரி விளக்கம் போடுங்க தம்பி. மன்னா புரிஞ்ச சனத்துக்கு விடுகை புரியாதா?”

கொஞ்சம் யோசித்தார். உள்ளே மாற்றிவிடலாம், ஆனால் அதிகாரத் தலைப்பில் ‘தரிசு ஆண்டு’ என்று போட்டுப் படத்தோடு வடிவமைப்பு முடிந்துவிட்டது என்றார். என்ன படம் என்று கேட்டேன். வெடித்துக் கிடக்கும் ஒரு குளமாம்.

அடுத்த ஷ்மிட்டா 2028 செப்டம்பரில்தான் தொடங்குகிறது. இரண்டாம் பதிப்பு அதற்குள் வந்தால் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, காய்த்துத் தொங்கும் ஒரு அத்திமரமும் திறந்து கிடக்கும் வேலிப்படலும் போடச் சொல்லியிருக்கிறேன்.