குருசடி: பெயரிலேயே காலடி

குமரி மாவட்டத்தில் யாரிடமாவது வழி கேட்டால், "குருசடி வந்ததும் இடப்பக்கம் திரும்புங்க" என்பார்கள். முச்சந்தியிலோ குன்றுச் சரிவிலோ ஒரு சிலுவை, அதைச் சுற்றி நாலு பேர் நிற்கும் அளவுக்கு ஒரு கட்டடம். அதுதான் குருசடி. ஒரு வட்டாரத்துக் கத்தோலிக்கருக்கெல்லாம் பொதுவான பங்குக் கோயிலைப் போல அங்கே அன்றாடம் பூசை நடக்காது. பொழுது சாய்ந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்து மெழுகுதிரி ஏற்றுவார்கள். மெழுகு வழிந்து உறைந்த பீடத்தில், நேர்ச்சைக்கு வைத்த உப்பும் மிளகும் சிதறிக் கிடக்கும்.

சிலுவையைக் குறிக்கும் இலத்தீனின் 'குருக்ஸ்' போர்ச்சுக்கீசியத்தில் 'குரூஸ்' ஆனது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் நம் கடற்கரைக்கு வந்தபோது அது குருசு என்று தமிழானது. தூத்துக்குடிப் பக்கம் குரூஸ் என்ற குடும்பப் பெயர் இன்றும் உண்டு. அடுத்து வரும் 'அடி' நம்முடையது. மரத்தடி என்கிறோமே, அதே அடி. குருசின் காலடியில் போய் நிற்கும் இடம் குருசடி. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது இந்த அடிதான். கட்டடத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை, நாம் நிற்கும் இடத்தைச் சொல்கிறது.

சரி, இதற்குத் தூய தமிழ் என்ன? சிலர் 'சிலுவைச் சிற்றாலயம்' என்று எழுதுகிறார்கள். ஆனால் சிலுவையும் வந்த சொல்தான். சிரியாக் மொழியின் 'ஸ்லீவா'தான் அதன் மூலம். ஆலயமோ வடமொழி. ஒரு கடன் சொல்லை நீக்கி இரண்டைக் கொண்டுவந்தது போலாகிவிடும். ஆங்கிலத்தில் சேப்பல் (chapel) என்று பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'சிறுகோயில்' பொருந்தும். குருசடிக்கு மாற்று தேட வேண்டாம் என்பதே என் கருத்து.

குன்றின் மேல் நட்ட சிலுவையால் அந்தக் குன்றே குருசுமலை ஆவதும் உண்டு. குமரி எல்லையை ஒட்டிய வெள்ளறடக் குருசுமலைக்கு, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். கேரளத்தின் மலையாற்றூரில் 609 மீட்டர் உயரக் குன்றுக்குக் குரிசுமுடி என்று பெயர். மரச் சிலுவையைத் தோளில் சுமந்தே ஏறுகிறவர்கள் உண்டு. இவர்கள் மனத்தில் இருப்பது, இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரி மலை. அந்தப் பெயர் மண்டையோட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நற்செய்தி நூல்கள் அதை ஓர் 'இடம்' என்கின்றனவே தவிர, மலை என்று எங்கும் சொல்லவில்லை. மலையாக்கியது பக்தி.

அகராதிக்கு எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: குருசடி (பெயர்ச்சொல்) — வழியோரத்திலோ குன்றிலோ சிலுவை நட்டு, ஊரார் விளக்கேற்றி வேண்டிக்கொள்ளும் சிறுகோயில்.