தண்ணீரின் தோலைத் தொட்டுப் பார்க்கும் மீன்

“கிணற்றில் எப்போதும் மேலேயே மிதக்கும் சின்ன மீனின் தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னுகிறது. நெற்றிக்கண் என்கிறார்கள், உண்மையா? கொசுவுக்காக அதே கிணற்றில் கம்பூசியா மீன் விடலாமா?” ஒரு வாசகர் கேட்ட இரண்டு கேள்விகள் இவை.

அந்தப் பொட்டு கண் அல்ல. ஒளியைத் திருப்பியடிக்கும் செல்கள் அங்கே திரண்டிருப்பதால் வெள்ளிபோல் மின்னுகிறது. அதற்குக் கீழே பீனியல் உறுப்பு இருக்கிறது. அதற்கு வெளிச்சமும் இருட்டும் தெரியும், உருவம் தெரியாது. நெற்றிக்கண் கதையைச் சொல்பவர்கள் அதே தலையில் இருக்கும் நிஜ அதிசயத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

மீன் வளர்ப்பவர்கள் பாஞ்சாக்ஸ் என்று சொல்லும் ஆப்லோகைலஸ் பேரினத்து மீன் இது. மலையாளத்தில் மானத்துக்கண்ணி. மானம் பார்த்த பூமி என்று நம் கிராமங்களில் சொல்கிறோமே, அதே மானம்தான். தட்டையான தலை, மேல்நோக்கித் திறக்கும் வாய், வாலருகே தள்ளி அமைந்த முதுகுத் துடுப்பு என உடம்பே நீர்மட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். வெயிலில் குட்டைத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போதும் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேலடுக்கில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மேல்நோக்கிய வாய் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

ஒரு சாயங்காலம், வெளிச்சம் மங்கிய நேரத்தில், புல்தண்டு ஒன்றின் நுனியால் நீரை லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்துப் பார்த்தேன். ஒரு சாண் தள்ளி எனக்கு முதுகு காட்டி நின்ற மீன் சட்டென்று திரும்பியது. ஒரே பாய்ச்சல். புல்நுனிக்கு நேர் கீழே வந்து நின்றது. தேட வேண்டிய அவசியமே அதற்கு இருக்கவில்லை. திசையும் தூரமும் எப்படித் தெரிந்தன?

இந்த மீனின் தலைமேல் 18 உணர்மொட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மொட்டிலும், நம் உட்காதில் இருப்பவற்றைப் போன்ற மயிர்ச்செல்களை ஒரு கூழ்மூடி போர்த்தியிருக்கும். சிற்றலை ஒன்று தலையைத் தாண்டும்போது கூழ்மூடி சாயும், மயிர்ச்செல் வளையும், நரம்புக்குச் செய்தி போகும். அலையின் உயரம் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவாக இருந்தாலும் போதும். கண் தெரியாமல் செய்துவிட்டாலும் மீன் குறி தவறாது. ஒரு பக்க மொட்டுகளை மூடினால் குறி பிசகிவிடும். இடமும் வலமும் சேர்ந்துதான் திசையைச் சொல்கின்றன என்பது இதிலிருந்து புரிந்தது.

தூரத்தை அறியும் வித்தைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நீர்ப்பரப்பில் சுமார் 1.7 செ.மீ. நீளமுள்ள அலைதான் எல்லாவற்றிலும் மெதுவானது. நொடிக்கு 23 செ.மீ. போகும். அதைவிடக் குட்டையான அலைகளை நடத்துவது பரப்பு இழுவிசை, அதாவது நீரின் மேற்பரப்பைத் தோல்போல் இறுக்கிப் பிடிக்கும் விசை. அவற்றில் குட்டையானது எதுவோ அதற்கே வேகம் அதிகம். பூச்சி ஒன்று தண்ணீரில் விழுந்து காலை உதறும்போது எல்லா அளவு அலைகளும் ஒரே சமயத்தில் கிளம்பும். வழியில் குட்டையானவை முந்திக்கொள்ளும். பக்கத்திலிருந்து வந்தால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேரும். தூரத்திலிருந்து வந்தால் நுண்ணலைகள் முதலில், பெரியவை பின்னால் என்று வரிசை நீண்டுவிடும். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியை எண்ணி மழை எவ்வளவு தொலைவில் பெய்கிறது என்று கணிக்கிறோமே, அந்தக் கணக்கேதான். ஐந்து சென்டிமீட்டர் மீன் அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டு முடிக்கிறது. காற்று கிளப்பும் அலைகள் மெதுவாக அசைபவை என்பதால் அவற்றைக் கண்டு ஏமாறுவதில்லை.

இவற்றில் பெரும்பகுதியைக் கண்டறிந்தவர்கள் எரிக் ஷ்வார்ட்ஸ், ஹார்ஸ்ட் பிளெக்மன் போன்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள். நம் ஓடையில் நீந்தும் மீனை அங்கே கண்ணாடித் தொட்டியில் வைத்துப் படித்திருக்கிறார்கள். தின்னவும் விற்கவும் ஆகாத மீனுக்கு இங்கே ஆராய்ச்சிப் பணம் கிடைப்பது அரிது. மீன்வளர்ப்பில் இதற்குக் களைமீன் என்று பெயர். கெண்டைக் குஞ்சு விடும் முன் குளத்தில் ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கைக் கொட்டுவார்கள். அதிலுள்ள சப்போனின் களைமீன்களைக் கூண்டோடு கொன்றுவிடும். களைமீன் என்ற அந்தப் பெயரை மாற்றினாலே இந்த மீனைக் காக்கும் வேலையில் பாதி முடியும் என்று எனக்குப் படுகிறது.

மேல்மட்டத்தை நம்பி வாழும் மீனுக்கு ஆபத்தும் மேலிருந்தே வருகிறது. நீர்மேல் படரும் எண்ணெயும் சோப்புக் கழிவும் சிற்றலைகளைச் சீக்கிரம் அடக்கிவிடும். இடைவெளியில்லாமல் மூடும் ஆகாயத்தாமரை பரப்பையே பறித்துக்கொள்ளும். கரைக்கு சிமென்ட் பூசினால் முட்டை ஒட்டிவைக்க வேரும் செடியும் இருக்காது.

கம்பூசியா வட அமெரிக்க மீன். கொசுவை ஒழிக்க 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டையிடாமல் குஞ்சே ஈனுவதால் வேகமாகப் பெருகும். மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும், குஞ்சுகளையும் தவளைகளின் தலைப்பிரட்டைகளையும் தின்னும். பாஞ்சாக்ஸ் இருக்கும் கிணற்றில் அதை விட வேண்டாம். கொசுப்புழுவைப் பாஞ்சாக்ஸே தின்னும். தூர்வாரும்போது மட்டும் மீன்களை வாளியில் எடுத்து வையுங்கள். முட்டை நூல்போன்ற இழையில் தொங்கும், பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதனால் ஓரத்து வேர்க்கொத்துகளையும் அதே வாளியில் போட்டுவைத்து, வேலை முடிந்ததும் கிணற்றில் விட்டுவிடுங்கள்.